கலர் நகலுக்கு மசியாத ஆவணம்: அச்சகத்தாருக்கு ஒரு முழு வழிகாட்டி

"யாராலும் ஜெராக்ஸ் எடுக்க முடியாத மாதிரி அடிச்சுக் குடுங்க" என்று கேட்டு வருகிறவரிடம், அப்படி ஒரு காகிதமே கிடையாது என்பதைத்தான் முதலில் சொல்வேன். கண்ணாடி மேல் கவிழ்த்து வைக்கிற எதையும் எந்திரம் ஏதோ ஒரு விதத்தில் நகலெடுத்துவிடும். எடுத்த நகல் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்படி அசலை அமைப்பதுதான் நம் கையில் இருக்கிற வேலை. சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், காசோலை, மருந்துச் சீட்டு, நுழைவுச் சீட்டு, பரிசுக் கூப்பன் எல்லாவற்றுக்கும் இது பொது.

அது எப்படி முடிகிறது என்றால், மனிதக் கண்ணும் எந்திரமும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. நாம் காகிதத்தைக் கையில் எடுத்துச் சாய்க்கிறோம், வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கிறோம், விரலால் தடவுகிறோம். நுண்ணிய புள்ளிகளைக் கண் ஒன்றாகக் குழைத்து ஒரு சாயமாகப் பார்க்கும். எந்திரமோ ஒரே கோணத்தில், தன் சொந்த விளக்கில், ஒரே அளவுத் துல்லியத்தில் பார்த்துவிட்டு, பார்த்ததையெல்லாம் நான்கு நிறத் தூளில் திருப்பிச் சொல்கிறது. கீழே வரும் ஒவ்வொரு உத்தியும் இந்த இடைவெளிக்குள்தான் வேலை செய்கிறது. புதிதாக யாராவது ஓர் உத்தியை விற்க வந்தாலும், "எந்திரத்துக்குத் தெரியாத எதை இது கண்ணுக்குக் காட்டுகிறது? அல்லது கண்ணுக்குத் தெரியாத எதை எந்திரத்தில் காட்டுகிறது?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அது அலங்காரம்.

கறுப்பு வெள்ளை நகல் மட்டும் இருந்த காலத்தில் இந்த வேலை எளிது. வெளிர்நீலம் அந்த எந்திரங்களின் கண்ணில் படவே படாது. கருஞ்சிவப்புக் காகிதத்தில் கறுப்பு எழுத்தை வைத்தால் மொத்தப் பக்கமும் கறுப்பாக வரும். 1968-இல் 3எம் நிறுவனத்தின் கலர் நகல் எந்திரம், 1973-இல் ஜெராக்ஸ் 6500, 1987-இல் கேனனின் டிஜிட்டல் லேசர் எந்திரம் என்று ஒவ்வொன்றாக வந்து அந்த வித்தைகளைக் காலி செய்தன. பணத்தாள் அடிப்பவர்களையே அது உலுக்கியது. ஆஸ்திரேலியா 1988-இல் சாய்த்தால் மாறும் படத்தோடு பிளாஸ்டிக் 10 டாலர் தாளை வெளியிட்டது. அமெரிக்கா 1990 வரிசைத் தாள்களில் நுண்ணெழுத்தையும் உள்ளே புதைந்த இழையையும் சேர்த்தது. நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம், ஆனால் அவர்கள் யோசித்த வழியில்தான் நாமும் யோசிக்க வேண்டும்.

படி 1: யார், எங்கே, எத்தனை வினாடியில் சரிபார்ப்பார்?

டிசைனைத் திறப்பதற்கு முன்பே இதற்குப் பதில் வேண்டும். வாசலில் நின்று நுழைவுச் சீட்டைக் கிழிக்கிறவருக்கு மூன்று வினாடி கூடக் கிடைக்காது; கையில் லென்ஸும் இருக்காது. அவருக்குத் தேவை சாய்த்தால் மின்னும் ஒன்றோ, விரலால் உரசினால் மாறும் ஒன்றோ. வங்கி மேசையில் யூவி (புற ஊதா) விளக்கு இருக்கும். தகராறு முற்றிப் பரிசோதனைக் கூடத்துக்குப் போகும் ஆவணத்துக்கு வேறு தேவை.

இதனால்தான் தொழிலில் பாதுகாப்பு அம்சங்களை மூன்று தட்டாகப் பிரிக்கிறார்கள். வெறும் கண்ணுக்கும் கைக்கும் தெரிவது முதல் தட்டு. லென்ஸ், யூவி விளக்கு போன்ற எளிய கருவி தேவைப்படுவது இரண்டாவது. கூடத்தில் மட்டும் கண்டுபிடிக்க முடிவது, அச்சிட்டவருக்கும் ஓரிருவருக்கும் மட்டுமே தெரிந்தது மூன்றாவது. ஒவ்வொரு தட்டிலிருந்தும் குறைந்தது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தையும் போட்டுக் குழப்பினால், சரிபார்ப்பவர் ஒன்றைக்கூடப் பார்க்க மாட்டார்.

இன்னொரு கேள்வியையும் இப்போதே கேட்டுவிட வேண்டும். இந்த ஆவணத்தை அதன் சொந்தக்காரர் நியாயமாகவே நகலெடுக்க வேண்டியிருக்குமா? மதிப்பெண் பட்டியல் என்றால் கட்டாயம் இருக்கும். விண்ணப்பத்தோடு ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்வார்கள். நகலெடுத்தால் மட்டும் எழுந்து வரும்படி நாம் ஒளித்து வைக்கும் மறைசொல் (படி 4) அந்த ஸ்கேனிலும் வெளிவரும். ஆகவே பெயரும் மதிப்பெண்ணும் இருக்கும் இடத்தை விட்டு ஓரத்திலோ கீழ்ப்பட்டையிலோ மறைசொல்லை வைப்பது நல்லது. காசோலைக்கும் மருந்துச் சீட்டுக்கும் பக்கம் முழுக்கப் பரப்பலாம்.

படி 2: காகிதம்

மற்ற எல்லாவற்றையும் விடக் காகிதத்துக்குச் செலவழிக்கும் பணம்தான் அதிகம் பலன் தரும் என்பது என் கருத்து. காகித ஆலையிலேயே, கூழ் தாளாக மாறும்போது விழும் நீர்க்குறியை எந்த நகல் எந்திரத்தாலும் எடுக்க முடியாது. காரணம், அது மையே இல்லை, நார் அடர்த்தியில் உள்ள ஏற்ற இறக்கம். சொந்த நீர்க்குறிக்குப் பெரிய அளவில் ஆர்டர் கொடுக்க வேண்டும். சிறிய வேலைக்கு, ஆலையின் பொது நீர்க்குறி உள்ள பாதுகாப்புக் காகிதத்தை வாங்கலாம். பின்பக்கம் வெள்ளை மையில் அடிக்கும் செயற்கை நீர்க்குறியும் உண்டு. சாய்த்தால் தெரியும், நகலில் வராது. ஆனால் அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உண்மை நீர்க்குறி என்று நம்பிவிடக் கூடாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது, காகிதத்தில் ஒளிர்வெண்மை ரசாயனம் சேர்க்காமல் இருக்கிறதா என்பது. அலுவலகத் தாள்களில் அது தாராளமாக இருக்கும். யூவி விளக்கில் பிடித்தால் நீலமாக எரியும். பாதுகாப்புக் காகிதம் அதே விளக்கில் மங்கலாகக் கிடக்கும். இந்த ஒரு வித்தியாசமே, கடைத்தாளில் எடுத்த நகலை ஒரு நொடியில் காட்டிக்கொடுத்துவிடும். மங்கலான காகிதத்தில்தான் யூவி மையும் கூழில் கலந்த ஒளிரும் நார்களும் எடுப்பாகத் தெரியும்.

திருத்தலைத் தடுக்க, கரைப்பான் பட்டால் கறைபடும் காகிதமும் உண்டு. பெயர், எண் போன்றவற்றைப் பின்னால் லேசர் பிரிண்டரில் ஏற்றப் போகிறீர்கள் என்றால், டோனர் தூளை இறுகப் பற்றும்படி பூச்சு பெற்ற தாளாகப் பாருங்கள். இல்லாவிட்டால் ஒட்டும் டேப்பை வைத்து உரித்தே பெயரை மாற்றிவிடுவார்கள்.

படி 3: பின்னணிக் கோடுகளும் வானவில் மையும்

கோலம் போலப் பின்னிச் செல்லும் மெல்லிய வளைகோடுகளுக்கு கியோஷ் என்று பெயர். கோட்டின் தடிமன் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரை இருக்கட்டும். இதை நான்கு நிறப் பிரிப்பில் அடிக்காதீர்கள்; தனி மையில், தனித் தகட்டில், நூறு சதவீத அடர்த்தியில் அடிக்க வேண்டும். அசலில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் அறுபடாத ஒற்றைக் கோடு தெரியும். கலர் நகலில் அதே இடத்தில் நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் சிதறிக் கிடக்கும்.

இதோடு வானவில் அச்சைச் சேர்த்தால் பலம் கூடும். ஆஃப்செட் மெஷினின் மைத் தொட்டியில் தடுப்புகள் வைத்து, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மூன்று மைகளை ஊற்றுகிறோம். உருளைகள் பக்கவாட்டில் அசையும்போது இரண்டு மையும் எல்லையில் கலந்து, ஒரே கோடு இடமிருந்து வலமாகப் போகும்போதே பச்சையிலிருந்து ஊதாவாக மாறும். அசைவின் நீளத்தை அளந்து கட்டுப்படுத்தாவிட்டால் ஆயிரம் தாளுக்குள் எல்லாம் சேறாகிவிடும். நகல் எந்திரத்தால் இந்த நிற மாற்றத்தை ஓரளவு எட்ட முடியும்; ஆனால் கோடு அறுபடாமல் நிறம் மாறுவது அதால் ஆகாத காரியம்.

படி 4: மறைசொல்

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். தொழிலில் வாய்ட் பேண்டோகிராஃப் என்பார்கள். பக்கம் முழுக்க ஒரே வெளிர்சாயம் போலத் தெரியும். நகலெடுத்ததும் அதிலிருந்து "நகல்" என்ற சொல் பெரிதாக எழுந்து வரும்.

கொள்கை எளிது. சொல்லைப் பெரிய புள்ளிகளாலும் சுற்றியுள்ள பின்னணியைச் சிறிய புள்ளிகளாலும் நிரப்புகிறோம். இரண்டிலும் காகிதத்தை மை மூடும் பரப்பு ஒன்றே, ஏறக்குறைய 10 சதவீதம். கண் இரண்டையும் ஒரே சாயமாகக் குழைத்துப் பார்க்கிறது. எந்திரத்தின் லென்ஸ் சிறிய புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாமல் மெல்லிய மங்கலாக்கிவிடும். பின்னணி அழுக்கை நீக்கும் அதன் தானியங்கி அமைப்பு அந்த மங்கலைத் துடைத்துவிடும். பெரிய புள்ளிகள் மட்டும் தப்பிப் பிழைத்துச் சொல்லாக நிற்கும்.

இனிக் கணக்கு. பெரிய புள்ளிக்கு அங்குலத்துக்கு 60 வரிசை, சிறியதற்கு 150 வரிசை என்று வைப்போம். அச்சுத் தகடு எடுக்கும் எந்திரம் 2400 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 2400 பிக்சல். அப்படியானால் பெரிய புள்ளியின் கட்டம் 40 × 40 பிக்சல். பக்கம் 423 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). அதில் 10 சதவீதத்தை மூடும் வட்டத்தின் விட்டம் 151 மைக்ரான். சிறிய புள்ளியின் கட்டம் 16 × 16 பிக்சல். பக்கம் 169 மைக்ரான். புள்ளியின் விட்டம் 60 மைக்ரான். 600 டிபிஐ ஸ்கேனரின் ஒரு பிக்சல் 42 மைக்ரான். ஆகவே, சிறிய புள்ளி அதற்கு ஒன்றரைப் பிக்சல் கூட இல்லை. பெரிய புள்ளியோ மூன்றரைப் பிக்சல். வித்தை முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது.

ஆனால் கோப்பில் இரண்டுக்கும் 10 சதவீதம் கொடுத்து அடித்தால் அசலிலேயே சொல் தெரிந்துவிடும். நானும் முதல் தடவை அப்படித்தான் ஏமாந்தேன். அச்சில் புள்ளி விரியும். விளிம்பு ஒவ்வொரு பக்கமும் 5 மைக்ரான் விரிகிறது என்று வையுங்கள். 151 மைக்ரான் புள்ளி 161 ஆகும். 10 சதவீதம் 11.4 ஆகும். 60 மைக்ரான் புள்ளி 70 ஆகும். 10 சதவீதம் 13.6-க்குத் தாவும். பின்னணி கறுத்து, சொல் வெளுத்துத் தெரியும். சரிசெய்ய, பின்னணியைக் கோப்பிலேயே 8 சதவீதத்துக்குக் குறைக்க வேண்டும். விரிவு 5 மைக்ரானா 8 மைக்ரானா என்பது உங்கள் காகிதம், மை, மையைத் தாளுக்கு மாற்றும் ரப்பர் பிளாங்கெட், அழுத்தம் எல்லாவற்றையும் பொறுத்தது. ஆகவே பெரிய புள்ளியை 10 சதவீதத்தில் நிறுத்தி, பின்னணியை 6-லிருந்து 11 வரை அரை அரை சதவீதமாக ஏற்றி, பதினொரு கட்டமாக ஒரு சோதனைத் தாள் அடியுங்கள். கையை நீட்டிப் பிடித்துப் பார்க்கும்போது எந்தக் கட்டத்தில் சொல் மறைகிறதோ அதுதான் உங்கள் அளவு. அடுத்த அச்சகத்தின் அளவு உங்களுக்கு உதவாது.

பளபளப்பான பூச்சுத் தாளுக்கும் பூச்சில்லாத தாளுக்கும் இந்த அளவு ஒன்றாக இருக்காது. காகிதம் மாறினால் சோதனைத் தாளும் மறுபடி அடிக்க வேண்டும்.

சொல்லின் வடிவத்தையும் கவனியுங்கள். பெரிய புள்ளிகளுக்கு நடுவில் 0.42 மில்லிமீட்டர் இடைவெளி. எழுத்தின் கால் 3 மில்லிமீட்டர் அகலம் இருந்தால்தான் அதற்குள் ஏழு புள்ளியாவது விழும். மெல்லிய எழுத்து உடைந்து படிக்க முடியாமல் போகும். தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு: "நகல்" என்பதில் ல் மேல் இருக்கும் புள்ளி. சாதாரண எழுத்துருவில் உள்ள அளவில் விட்டால் அதற்குள் ஒன்றிரண்டு பெரிய புள்ளிதான் விழும்; நகலில் "நகல" என்று வரும். அதைத் தனியாக 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் ஊதிப் பெரிதாக்குங்கள். புள்ளியே இல்லாத சொல் வேண்டும் என்று சிலர் "போலி" என்று வைப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நியாயமாக எடுத்த நகலும் தன்னைப் போலி என்று சொல்லிக்கொள்ளும். வாங்கிப் பார்ப்பவர் முகம் மாறும். "நகல்" என்றால் உண்மையை மட்டும் சொல்கிறது.

சொல்லின் விளிம்பில் புள்ளிகள் அளவு மாறும் இடத்தைக் கூர்ந்து பார்க்கும் கண் கண்டுபிடித்துவிடும். அதை ஏமாற்ற, அலையோ இலையோ போன்ற ஒரு வடிவத்தில் புள்ளிகளை விட்டுவிட்டு வெள்ளையாக்குங்கள். கண் அந்த வடிவத்தைப் பிடித்துக்கொண்டு சொல்லைக் கவனிக்காது. வடிவம் சொல்லுக்குள்ளும் வெளியேயும் தொடர்ச்சியாக ஓட வேண்டும்.

நிறம்: நடுத்தர நீலம், பச்சை, செம்பழுப்பு நன்றாக வேலை செய்கின்றன. மஞ்சள் போன்ற வெளிர்மையில் பெரிய புள்ளியும் எந்திரத்தில் பதியாது. கறுப்பில் புள்ளிகள் கண்ணை உறுத்தும். இரண்டு புள்ளிகளும் ஒரே மை, ஒரே தகடு. இரண்டு தகட்டில் பிரித்தால் ரிஜிஸ்டர், அதாவது இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று பொருந்துவது, தலைமுடி அளவு விலகினாலே சொல் தெரியும்.

கோப்புத் தயாரிப்பில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். படம் ஒரு-பிட் டிஃப் (கறுப்பும் வெள்ளையும் மட்டும் உள்ள படக் கோப்பு) ஆக இருக்க வேண்டும், தகட்டு எந்திரத்தின் டிபிஐயிலேயே இருக்க வேண்டும். 2540 எந்திரம் என்றால் கட்டக் கணக்கைப் புதிதாகப் போடுங்கள். பக்கத்தில் வைக்கும்போது நூறு சதவீத அளவு. ஒரு சதவீதம்கூடப் பெரிதாக்கவோ சாய்க்கவோ கூடாது. விளிம்பை மென்மையாக்கும் வசதி அணைந்திருக்க வேண்டும். பிடிஎஃப் எடுக்கும்போது ஒரு-பிட் படங்களை 1200 டிபிஐக்குக் குறைக்கும் அமைப்பு பல மென்பொருள்களில் ஏற்கெனவே போட்டே இருக்கும். ஒரு வேலையில் அதைக் கவனிக்காமல் விட்டோம். 16 பிக்சல் கட்டம் 8 ஆகிச் சிறிய புள்ளிகள் ஒழுங்கிழந்து, அசல் சான்றிதழ் நெடுக "நகல்" என்று கொட்டை எழுத்தில் தெரிந்தது. அடித்து முடித்த பிறகுதான் பார்த்தோம். அன்றிலிருந்து தகட்டை லென்ஸில் பார்க்காமல் மெஷினில் ஏற்றுவதில்லை.

ஓட்டத்தின்போது மை கூடினால் சிறிய புள்ளிகள் முதலில் வீங்கும். மை-நீர்ச் சமநிலை நகர்ந்ததை, மை அடர்த்தியை அளக்கும் டென்சிட்டி மீட்டருக்கு முன்பே இந்தப் பின்னணி சொல்லிவிடும். சில நூறு தாளுக்கு ஒரு முறை தாளை உருவிப் பாருங்கள்.

இதன் எல்லையையும் வாடிக்கையாளரிடம் மறைக்காதீர்கள். நல்ல புதிய எந்திரம் சிலது இரண்டு புள்ளிகளையும் எடுத்துவிடும், சொல் எழாது. வெளிச்சத்தைக் கூட்டி எடுத்தால் இரண்டும் மறையும். அதற்கு ஈடாக, ஒரே சொல்லை மூன்று வரிசையில் மூன்று அளவு ஜோடியாக வையுங்கள்: 50-க்கு 133, 60-க்கு 150, 70-க்கு 175. ஏதாவது ஒன்று சிக்கும். ஸ்கேன் செய்து கணினியில் உட்கார்ந்து மெனக்கெட்டு அழிப்பவனை இது தடுக்காது. அவசரத்தில் நகலெடுத்து நீட்டுபவனைத்தான் பிடிக்கும். அந்த வகைக்கு இது போதிய காவல். மற்றவனுக்கு அடுத்த படி.

படி 5: தூளில் கிடைக்காத மைகள்

நகல் எந்திரத்திடம் இருப்பது நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மட்டும். பளீர் ஆரஞ்சு, கிளிப்பச்சை, தெளிந்த ஊதா ஆகியவை அந்த நான்கின் எல்லைக்கு வெளியே. அசலும் நகலும் பக்கத்தில் இருந்தால் மங்கல் தெரியும். ஆனால் சரிபார்ப்பவர் கையில் அசல் இருக்காது என்பதால், நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்.

தங்க மை நகலில் கடுகு நிறமாக வரும். முத்துப்பூச்சு மை, அதாவது மைக்காத் துகள் கலந்தது, சாய்த்தால் மினுங்கும். நகலில் ஒன்றுமே இருக்காது. குறைந்த செலவில் முதல் தட்டுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். சாய்க்கும்போது நிறமே மாறும் ஒளிமாறு மை இன்னும் பலம். ஆனால் விலை அதிகம், நம்பகமான நிறுவனங்களுக்கு மட்டும் விற்பார்கள். சூடான முத்திரையில் பதிக்கும் ஹோலோகிராம் ஃபாயில் எந்திரத்தின் விளக்கில் கறுப்பாகவோ சாம்பலாகவோ பதிவாகும். அதை ஸ்டிக்கராக ஒட்டாமல் நேரடியாகக் காகிதத்தில் பதியுங்கள். ஸ்டிக்கர்தான் வேண்டுமென்றால் உரித்தால் நொறுங்கும் வகையாக இருக்கட்டும்.

விரல் சூட்டில் மறையும் மை பலருக்குப் பிடிக்கும். பரவலாகக் கிடைப்பது 31 டிகிரி செல்சியஸில் மறைவது. அறையே 33 டிகிரியில் இருந்தால் அந்த மை எப்போதும் மறைந்தே கிடக்கும், சரிபார்ப்பவர் அசலைப் போலி என்று திருப்பி அனுப்புவார்! புழங்கும் இடத்தின் சூட்டைக் கேட்டுவிட்டு வெப்பநிலையைத் தேர்ந்தெடுங்கள். பின்னால் லேசர் பிரிண்டரில் போகும் தாள் என்றால் இன்னொரு எச்சரிக்கை: டோனரை உருக்கும் உருளை 180 டிகிரி அளவில் இருக்கும். மையும் ஃபாயிலும் அதைத் தாங்குமா என்று எழுத்தில் உறுதி வாங்குங்கள்.

யூவி மை சாதாரண ஒளியில் தெரியாது. 365 நானோமீட்டர் விளக்கில் ஒளிரும். இரண்டாம் தட்டுக்கு ஏற்றது. வெயிலில் கிடந்தால் வலுவிழக்கும், அதனால் சுவரில் மாட்டப்போகும் சான்றிதழுக்கு அதை ஒரே காவலாக வைக்க வேண்டாம்.

படி 6: நுண்ணெழுத்து

கையெழுத்துக்கான கோடு போலத் தெரிவதை லென்ஸில் பார்த்தால் அது நிறுவனத்தின் பெயராக இருக்கும். 0.2 மில்லிமீட்டர் உயர எழுத்து 600 டிபிஐ எந்திரத்துக்கு ஐந்து பிக்சலுக்கும் குறைவு. எழுத்து உருக்குலைந்து கறையாகும். 2400 டிபிஐ தகட்டில் அதே உயரத்துக்கு ஏறக்குறைய 19 பிக்சல் கிடைக்கும். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு அது போதும். தமிழுக்குப் போதாது: ண, ணை, ஞ, இ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொண்டு அசலிலேயே படிக்க முடியாமல் போகும். 0.3 மில்லிமீட்டருக்கு உயர்த்துங்கள். ப, ட, ய போன்ற திறந்த எழுத்துகள் கூடுதலாக வரும் வாசகமாகப் பாருங்கள். தனி மை, முழு அடர்த்தி. கறுப்பில் வெள்ளை எழுத்தாக வைத்தால் மை அடைத்துவிடும். நடுவில் வேண்டுமென்றே ஓர் எழுத்துப் பிழையை விட்டு, அது எங்கே என்று மூன்றாம் தட்டு இரகசியமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மெய்ப்புத் திருத்துபவரிடம் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் அவர் அக்கறையோடு திருத்திவிடுவார்.

படி 7: எண்ணும் க்யூஆரும்

நம்பரிங் மெஷினில், காகிதத்தின் பின்பக்கம் வரை சிவப்பு ஊடுருவும் மையால் வரிசை எண் போடுங்கள். விரலுக்கு அழுத்தம் தெரியும், பின்னால் சிவப்புக் கசிவு தெரியும். நகலில் இரண்டுமே வராது.

க்யூஆர் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. க்யூஆரை நகலெடுத்தால் அது அச்சு அசலாக வேலை செய்யும். அதற்காகத்தானே அதை உருவாக்கினார்கள்! அதற்குள் பெயர், எண், தேதியை டிஜிட்டல் கையொப்பத்தோடு வைத்தால், விவரத்தைத் திருத்தியதைக் கண்டுபிடிக்கலாம். காகிதம் அசலா என்பதை அது சொல்லாது. நுழைவுச் சீட்டில் ஒரே எண் இரண்டாம் முறை ஸ்கேன் ஆனால் தடுக்கலாம், அவ்வளவுதான். நகலில் சிதையும்படி அமைத்த, ஒழுங்கற்ற நுண்புள்ளிக் கட்டத்தைப் பக்கத்தில் அச்சிட்டு, மென்பொருளால் அதன் கூர்மையை அளக்கும் முறையும் உண்டு. அதைப் பயன்படுத்தினால் ஓட்டம் முழுக்க அச்சுத் தரம் சீராக இருக்க வேண்டும்.

இங்கே ஓர் இடைச்செருகல். பணத்தாளைக் கலர் எந்திரம் நகலெடுக்க மறுப்பதைப் பார்த்துவிட்டு, "அதே மாதிரி நம்ம சான்றிதழுக்கும் போடுங்க" என்பார்கள். அது ஐந்து சிறு வளையங்கள் கொண்ட ஒரு அமைப்பு. கணினி ஆய்வாளர் மார்கஸ் கூன் 2002-இல் கவனித்து, யூரோவையும் ஓரியன் விண்மீன் கூட்டத்தையும் சேர்த்து யூரியன் என்று பெயர் வைத்தார். அது பணத்தாளுக்கானது. நம் வேலையில் கை வைக்க வேண்டாம். பல கலர் லேசர் எந்திரங்கள் ஒவ்வொரு தாளிலும் பதிக்கும் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகள் வேறு கதை. 2005-இல் எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமெரிக்க டிஜிட்டல் உரிமை அமைப்பு ஒரு ஜெராக்ஸ் எந்திரத்தின் 15-க்கு 8 கட்டத்தைப் படித்து, அதில் எந்திரத்தின் வரிசை எண்ணும் அச்சிட்ட நேரமும் இருப்பதைக் காட்டியது. அது நகலைத் தடுக்காது. எடுத்த எந்திரம் எது என்று பின்னால் தேட உதவும்.

படி 8: எதிரியாக உட்கார்ந்து சோதியுங்கள்

முழு ஓட்டத்துக்கு முன் ஐம்பது தாள் அடித்து, குறைந்தது நான்கு வெவ்வேறு கலர் எந்திரங்களுக்கு எடுத்துப் போங்கள். ஒவ்வொன்றிலும் எழுத்து முறை, படம் முறை, இரண்டும் கலந்த முறை. ஒவ்வொன்றையும் வெளிச்சம் குறைத்து, நடுவில், கூட்டி. ஓர் எந்திரத்துக்கு ஒன்பது நகல் வரும். அதன் பிறகு ஸ்கேனரும் இங்க்ஜெட்டும், கடைசியாகக் கைபேசிக் கேமரா. ஒவ்வொரு நகலின் பின்னாலும் எந்திரம், முறை, அளவு எழுதி வையுங்கள். பத்து நாள் கழித்து எது எது என்று நினைவிருக்காது. கேமராவில் மறைசொல் பெரும்பாலும் எழாது. முத்துமையும் ஃபாயிலும்தான் அங்கே கைகொடுக்கும்.

பிறகு, இந்த வேலையைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவரிடம் அசல் ஐந்தும் நகல் ஐந்தும் கலந்து கொடுத்து, "ஒவ்வொன்றுக்கும் ஐந்து வினாடி, எது அசல்?" என்று கேளுங்கள். ஒரு வரிக் குறிப்பு மட்டும் கொடுங்கள்: "சாய்த்துப் பார், பின்பக்க எண்ணைப் பார்." அவர் தடுமாறினால் கோளாறு அவரிடம் இல்லை, டிசைனில்.

அந்தக் குறிப்பை ஆவணத்தின் பின்பக்கத்திலேயே அச்சிடுவது நல்ல பழக்கம். முதல் தட்டு அம்சங்களை மட்டும் எழுதுங்கள். இரண்டாம் தட்டைச் சரிபார்ப்பவருக்குத் தனிக் கடிதத்தில் சொல்லலாம். மூன்றாம் தட்டை ஆவணத்திலும் கடிதத்திலும் எழுதக் கூடாது; அது உங்கள் இரகசியக் குறிப்பில் மட்டும் இருக்கட்டும்.

படி 9: கதவைப் பூட்டுதல்

இத்தனையும் செய்துவிட்டு, கழிவுத் தாளைக் குப்பையில் போட்டால் திருடனுக்கு நகலெடுக்கும் சிரமமே இருக்காது. எண் போடாத நல்ல தாள் ஒன்று வெளியே போவது ஆயிரம் நகலை விட ஆபத்து. காகிதம் உள்ளே வரும்போதே எண்ணுங்கள். தயாரிப்புச் சோதனை, நல்ல தாள், கெட்ட தாள், மாதிரி எல்லாம் சேர்த்து உள்ளே வந்த எண்ணிக்கையோடு பொருந்த வேண்டும். பாதுகாப்பு அச்சகங்களுக்கான ஐஎஸ்ஓ 14298 தரம் இந்த மாதிரி நிர்வாக ஒழுங்குக்கென்றே இருக்கிறது. சான்றிதழ் வாங்காவிட்டாலும் அதன் வழியில் நடக்கலாம்.

மாதிரித் தாள்களில் துளையிட்டு "மாதிரி" என்று குத்திவிட்டுக் கொடுங்கள். மறைசொல் கோப்பைப் பொதுக் கணினியில் விடாதீர்கள், மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள். ஓட்டம் முடிந்ததும் கெட்ட தாள்களைப் பொடியாக்கி, தகடுகளைக் குறுக்கே வெட்டி, எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட பிறகே அடுத்த வேலைக்கு மெஷினைக் கழுவுங்கள்.